கடல்மீன் தொட்டிக்கு எந்த மணல்? வாங்கும் முன் மூன்று சோதனை

"எங்கள் வீடு திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் நிலக்கடலையும் உளுந்தும் போடுகிறோம். மகன் புதுக்கோட்டை டவுனில் வண்ணமீன் கடை வைக்கப்போகிறான். நன்னீர் மீன்களோடு, பவளப்பாறை போல அமைத்த கடல்மீன் தொட்டி ஒன்றையும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்கிறான். அதன் அடியில் போடும் மணலையே கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டுமாம். வெள்ளாற்று மணல், எம்-சாண்ட், கோட்டைப்பட்டினம் கடற்கரை மணல் இவற்றில் ஏதாவது ஒன்றைப் போட்டால் ஆகாதா? ராமேஸ்வரம் பக்கமிருந்து முருகைக்கல் கொண்டுவந்து தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். இரண்டு கறவை மாடுகளை விற்ற பணம் இதில்தான் போகிறது. விளக்கமாகச் சொல்லவும்."

– வாசகர், திருக்கோகர்ணம்.

நன்னீர்த் தொட்டியில் மணல் பெரும்பாலும் அழகுக்குத்தான். கடல்நீர்த் தொட்டியில் அப்படியில்லை. வயலுக்கு மண் எப்படியோ, இந்தத் தொட்டிக்கு மணல் அப்படி. விதை வாங்கும் முன் மண்ணைப் பரிசோதிப்பதுபோல, மீன் வாங்கும் முன் மணலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை போட்டு, நீர் நிரப்பி, மீன் விட்டபிறகு மணலை மாற்றுவது என்பது நட்ட வயலை மறுபடி உழுவதற்குச் சமம்.

எல்லா மணலும் ஒன்றல்ல

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் மணலில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் உண்டு. ஒன்று பாறை உடைந்து வந்த மணல். திருக்கோகர்ணம் குடைவரைக் கோயில் எந்த வகைப் பாறையில் குடையப்பட்டதோ, அதே கருங்கல் இனப் பாறைகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தேய்ந்து வந்ததுதான் புதுக்கோட்டைப் பக்கத்து ஆற்று மணல். இதில் பெரும்பகுதி குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல், அதாவது சிலிக்கா. தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

இன்னொன்று உயிர்கள் உண்டாக்கிய மணல். சிப்பி, சங்கு, பவளம், சுண்ணாம்பைத் தன் உடலில் சேர்க்கும் கடல்பாசி ஆகியவை உடைந்து தூளாகி உருவாவது. பவளப்பாறைகளில் வாழும் கிளிமீன்கள், அலகு போன்ற வாயால் பாறையைக் கொறித்து, பாசியைச் செரித்துவிட்டு, சுண்ணாம்பைத் தூளாக வெளியேற்றுகின்றன. வெப்பமண்டலத் தீவுகளின் வெள்ளைக் கடற்கரைகளில் இந்த மீன்களின் பங்கு பெரிது. இப்படி வந்த மணலின் வேதிப்பெயர் கால்சியம் கார்பனேட். அதில் 'அரகோனைட்' என்ற வகையே கடல்மீன் தொட்டிக்கு ஏற்றது.

ஏன் ஏற்றது என்பதைச் செம்மண் விவசாயிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து போட்டால் மண் புளித்துப்போகிறது. அதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு இடுகிறோம். தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. மீன் மூச்சு விடுவதால் சேரும் கரியமில வாயுவும் நீரைப் புளிக்க வைக்கிறது. கடல்நீரின் பி.ஹெச். அளவு தொட்டியில் 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். மணலின் இடுக்குகளில் நீர் புளிக்கும்போது அரகோனைட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈடுகொடுக்கிறது. சிலிக்கா மணல் இதைச் செய்யாது.

ஆனால் மணலை மட்டும் நம்பிவிடக் கூடாது. நீர் நன்றாகப் புளித்த இடத்தில்தான் அது கரையும். ஆகவே பி.ஹெச்., காரத்தன்மை, கால்சியம் மூன்றையும் வாரம் ஒருமுறை பரிசோதிப்பதும், குறித்த நாளில் நீரில் ஒரு பகுதியை மாற்றுவதும் எந்த மணல் போட்டாலும் தவிர்க்க முடியாதவை.

வீட்டிலேயே மூன்று சோதனை

கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி மணல் வாங்கிவந்து வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதலாவது வினிகர் சோதனை. ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் மணலைப் போட்டு வினிகர் ஊற்ற வேண்டும். நுரைத்துக் குமிழி வந்தால் சுண்ணாம்பு மணல். அசையாமல் கிடந்தால் சிலிக்கா. மண் பரிசோதனையில் நீர்த்த அமிலத்தை ஊற்றிச் சுண்ணாம்புத் தன்மையைப் பார்ப்பதும் இதே முறைதான். ஆனால் நுரைத்ததெல்லாம் தொட்டிக்கு ஆகும் என்று எண்ணக் கூடாது. வயலில் கிடக்கும் சுக்கான் கல்லும் நுரைக்கும். அதில் களிமண்ணும் உரச்சத்தும் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது.

இரண்டாவது பாட்டில் சோதனை. கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மணலும் முக்கால் பங்கு நீரும் விட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். மணல் சில விநாடிகளில் அடியில் இறங்கிவிடும். வண்டல் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். களி மணிக்கணக்கில் மிதக்கும். நாலைந்து முறை அலசியபிறகும் நீர் கலங்கலாகவே இருந்தால் அந்த மணல் வேண்டாம்.

மூன்றாவது காந்தச் சோதனை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி, காய்ந்த மணலில் புரட்ட வேண்டும். கருந்துகள்கள் ஒட்டினால் அதில் இரும்புத் தாது இருக்கிறது. தொட்டியின் நீரோட்ட மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் இந்தத் துகள்கள் அதில் ஒட்டி மோட்டாரை அரித்துவிடும்.

சோதனைக்கு எடுத்த மணலைத் திரும்பவும் மூட்டையில் கொட்டிவிடக் கூடாது.

வாசகர் கேட்ட மணல்கள்

ஆற்று மணல்: பெரும்பகுதி சிலிக்கா. வண்டல் கலந்திருக்கும். மழைக்காலத்தில் வயல்களிலிருந்து வழிந்த உரமும் பூச்சிமருந்தும் அதில் படிந்திருக்க வாய்ப்புண்டு. நிலக்கடலைக்கு அடித்த மருந்தின் மிச்சம் செடிக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் இறாலும் நண்டும் பூச்சியினத்துக்கு உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்து மிகச் சிறிய அளவிலேயே அவற்றையும் கொன்றுவிடும். தவிர, அனுமதியில்லாமல் ஆற்றில் மணல் அள்ளுவதே குற்றம்.

எம்-சாண்ட்: கருங்கல்லை உடைத்துத் தயாரிப்பது. கட்டடத்தில் கூர்மையான முனைகள் சிமென்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே அது நல்லது. தொட்டியில் அதே முனைகள் மணலுக்குள் புகுந்து வாழும் உளுவை மீன்களின் உடலைக் கீறிவிடும். கல்தூளும் இரும்பு கலந்த தாதுக்களும் இருக்கும்.

கோட்டைப்பட்டினம் கடற்கரை மணல்: இது பாக் நீரிணைக் கரை. அலை குறைந்த, ஆழமில்லாத, சேறும் கடற்புல்லும் நிறைந்த கடல். மணலில் மெல்லிய வண்டலும் மட்கும் பொருளும் கலந்திருக்கும். விசைப்படகுகள் நிற்கும் இடங்களில் டீசலும் எண்ணெயும் சேரும். மூட்டை கட்டி வீட்டுக்கு வரும் வழியிலேயே அதிலிருக்கும் உயிர்கள் செத்து அழுகத் தொடங்கும். மேலும், கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி கடற்கரையில் மணல் அள்ளத் தடை உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடல், 2022 செப்டம்பரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே 'ஒரு சாக்குதானே' என்று கை வைக்க வேண்டாம்.

முருகைக்கல் வேண்டவே வேண்டாம்

வாசகரின் கேள்வியில் மிகவும் கவலை தருவது இதுதான். முருகைக்கல் என்பது பவளம். பாறை உருவாக்கும் எல்லாப் பவள இனங்களும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. உயிருள்ள பவளம் மட்டுமல்ல, கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தை எடுத்தாலும், விற்றாலும், வாங்கினாலும், வைத்திருந்தாலும் குற்றம்தான். முதல் அட்டவணை உயிர்களுக்கான தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபின், அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். மாடு விற்ற பணம் மட்டுமல்ல, மகனின் எதிர்காலமே இதில் போய்விடும். கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று சொன்னவர் அப்போது பக்கத்தில் நிற்கமாட்டார்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளைச் சுற்றிப் பல ஆண்டுகள் முருகைக்கல்லை வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் அது போனது. 1986-ல் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபிறகும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகுதான் கண்காணிப்பும் விழிப்புணர்வும் கூடி அது ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வரப்பை வெட்டிவிட்டால் வயல் மண் மழையில் போவதுபோல, அலையைத் தடுத்துநின்ற பாறையை எடுத்ததும் தீவின் மணல் கடலோடு போனது.

ஆகவே தொட்டியில் பவளம் வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. பீங்கானிலோ சிமென்டிலோ செய்த செயற்கைப் பாறை போதும். மீன்கள் மறைந்துகொள்ளவும் நுண்ணுயிர்கள் குடியேறவும் அது இடம் கொடுக்கும். கடைகளில் சில்லறையாக 'கோரல் சிப்ஸ்' என்று விற்கப்படும் உடைந்த பவளத் துண்டுகளையும் தவிர்க்க வேண்டும். அவை எங்கிருந்து வந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது.

எதை, எவ்வளவு வாங்குவது?

'அரகோனைட் மணல்' என்று அச்சிட்ட, மூடி முத்திரையிட்ட பையை ரசீதுடன் வாங்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

மணியின் அளவு 1 முதல் 2 மில்லிமீட்டர் இருப்பது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனால், மோட்டார் தள்ளும் நீரோட்டத்தில் மணல் பறந்து கண்ணாடி மூலையில் குவியும். 3 மில்லிமீட்டருக்கு மேலே போனால், மீன் தின்னாத தீவனமும் கழிவும் இடுக்கில் இறங்கி அழுகும். சொட்டுநீர்ப் பாசனத்தின் மணல் வடிகட்டி அடைத்துக்கொண்டால் நீரைத் திருப்பிவிட்டுச் சுத்தம் செய்யலாம். தொட்டியின் அடிமணலுக்கு அந்த வசதி இல்லை.

மணலின் ஆழம் 3 முதல் 4 சென்டிமீட்டர் போதும். கணக்கு எளிது. தொட்டியின் நீளம், அகலம், மணலின் ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். அதை 1.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை கிலோ என்பது வரும். 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 12 லிட்டர், அதாவது சுமார் 17 கிலோ. இதற்கு மேல் கடைக்காரர் சொன்னால், எதற்கு என்று கேட்கலாம்.

சிலர் 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக மணல் போடச் சொல்வார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் மேல்பகுதிச் சேறு பழுப்பாகவும் அடிச்சேறு சாம்பல் நிறமாகவும் இருக்கும். காற்றோட்டமில்லாத அந்த அடிச்சேற்றில் நைட்ரேட் வாயுவாக மாறிப் பறந்துவிடுகிறது. விவசாயிக்கு அது தழைச்சத்து இழப்பு. தொட்டிக்கோ அதுவே லாபம். சேர்ந்துபோகும் நைட்ரேட் தானாகக் குறையும். ஆனால் அதே அடிச்சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவதையும் விவசாயி அறிவார். மூடிய தொட்டியில் அந்த வாயு கிளம்பினால் மீன்கள் செத்துவிடும். ஆழமான மணலை ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த முறை. கடைத்தொட்டிக்கு அது சரிப்படாது.

விற்பனைத் தொட்டிக்கு மணலே வேண்டாம்

காசை மிச்சப்படுத்தும் இடம் இங்கேதான் இருக்கிறது. மணல் தேவைப்படுவது காட்சித் தொட்டி ஒன்றுக்கு மட்டுமே. புதிதாக வந்த மீன்களைத் தனியே வைத்துப் பார்க்கும் தொட்டிக்கும், விற்பனைக்கு நிறுத்தும் தொட்டிகளுக்கும் வெறும் கண்ணாடி அடியே நல்லது. கழிவு கண்ணுக்குத் தெரியும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். நோய்க்குத் தாமிர மருந்து விடும்போது சுண்ணாம்பு மணல் அதை உறிஞ்சிக்கொள்ளும். மருந்தின் அளவு நிற்காது. மணல் இல்லாவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மீன் ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. குழாய் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. மூடிய கடையிலிருந்து பழைய மணல் மலிவாக வருகிறது என்றால் வாங்க வேண்டாம். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் சூப்பர் பாஸ்பேட் போட்டால் மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொள்வதைப்போல, தொட்டியின் சுண்ணாம்பு மணலும் மீன் தீவனத்தின் மணிச்சத்தைப் பிடித்துவைத்திருக்கும். புதுத் தொட்டியில் அதை மெல்ல மெல்ல வெளியே விடும். பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் பச்சைப் பாசி ஓயாது.

போடும் முறை

உலர்ந்த மணலை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அரிசி களைவதுபோல நீர் தெளியும்வரை அலச வேண்டும். கடைசி அலசலை ஆர்.ஓ. நீரில் செய்ய வேண்டும். நீரோடு விற்கப்படும் 'உயிர் மணல்' பையை மட்டும் அலசக் கூடாது. அலசினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் போய்விடும்.

செயற்கைப் பாறையை முதலில் கண்ணாடி அடியில் நேராக அமர்த்தி, பிறகு அதைச் சுற்றி மணல் பரப்ப வேண்டும். மணல்மேல் பாறையை வைத்தால், மீன் அடியில் தோண்டும்போது பாறை சரிந்து கண்ணாடி உடையும். மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாக உப்புநீரை ஊற்றினால் கலங்காது.

நீர் தெளிந்த உடனே மீன் விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் பாறையிலும் பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பரிசோதனைக் கிட் கொண்டு பார்த்துவர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபிறகே முதல் இரண்டு மீன்களை விடலாம். இந்த நாட்களில் மணல்மேல் பழுப்புப் படலம் படிந்தால் பயப்பட வேண்டியதில்லை. புதுத் தொட்டியில் அது வரும், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். பிறகு நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மணலில் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்தால் போதும்.

எந்த மீன்? யாரைக் கேட்பது?

கடலில் பிடித்த மீனைவிடப் பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் நல்லது. அது தொட்டி வாழ்க்கைக்கும் உலர்தீவனத்துக்கும் பழகியிருக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைப் பொரிக்க வைக்கும் முறையில் தேர்ந்தது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டபோது, வீட்டுப் புறக்கடை வண்ணமீன் வளர்ப்பும் அதில் சேர்க்கப்பட்டது. திட்ட மதிப்பில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம். இப்போது விண்ணப்பம் வாங்கப்படுகிறதா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொண்ட பிறகே செலவில் இறங்க வேண்டும். தாயின் பெயரில் விண்ணப்பித்தால் கூடுதல் மானியத்துக்கு வாய்ப்புண்டு.

நன்னீர் மீன் விற்பனையை முதலில் தொடங்கி, ஆறு மாத வரவு செலவைப் பார்த்தபிறகு கடல்மீன் தொட்டிக்குப் போவது திருக்கோகர்ணம் குடும்பத்துக்குப் பாதுகாப்பான வழி. அப்போதும் முதலில் ஒரே ஒரு காட்சித் தொட்டி, 17 கிலோ அரகோனைட் மணல், செயற்கைப் பாறை, இரண்டு கோமாளி மீன்கள். தொடங்க இவ்வளவு போதும்.